கால் விழுந்தவர்கள்: ஓர் எண்ணெயின் வரலாறு

"குடிப்பியா?"

அரசு மருத்துவமனையில் எங்க அப்பாவிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. எத்தனை வருஷமாகச் செய்கிறாய் என்று கேட்கவில்லை. பாதம் ரெண்டும் மதமதவென்று இருக்கிறது, நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிய மாட்டேங்குது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது. "இல்ல சார், அந்தப் பழக்கமே இல்ல" என்றார் அப்பா. மருத்துவர் நம்பின மாதிரி தெரியவில்லை. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரையும் இல்லை. வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அப்பா 19 வருஷம் ஒரு ரெக்ஸின் பட்டறையில் வேலை செய்தவர். அந்தப் பட்டறைக்குள் அவர் தினமும் கையில் எடுத்தது ஓர் எண்ணெய். டிரம் டிரம்மாக வரும். நிறமில்லாமல் சமையல் எண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும். தொழிலாளிகள் 'டிஓபி ஆயில்' என்பார்கள். ஆயில் என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். பிளாஸ்டிக்கை வளையவைக்கிற எண்ணெய் அது. விஞ்ஞானப் பாடத்தில் அதற்குப் பெயர் பிளாஸ்டிசைசர்.

அப்பாவின் காலை இந்த எண்ணெய்தான் கெடுத்தது என்று நான் இங்கே தீர்ப்பு எழுத வரவில்லை. தீர்ப்பு எழுதத் தேவையான சாட்சியத்தை 19 வருஷத்தில் ஒருநாள்கூட யாரும் சேர்க்கவில்லை என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன். சாட்சியம் சேர்த்த இடங்கள் உலகத்தில் உண்டு. அந்த வரலாற்றைத் தேடிப் போனேன். போன வழியில் ஒரு இடத்தில் நம்ம சனங்களையே பார்த்தேன்.

வளையவைக்கும் எண்ணெய்

பிளாஸ்டிக் என்றால் இயல்பிலேயே மெத்தென்று இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பிவிசி என்பது வெள்ளைத் தூள். அதை உருக்கி வார்த்தால் கிடைப்பது விறைத்த, உடைகிற சாமான். 1926இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் என்ற ரப்பர் கம்பெனியின் ரசாயனவாதி வால்டோ செமன், இந்தத் தூளைக் கொதிநிலை அதிகமான சில எண்ணெய்களோடு சேர்த்துச் சூடாக்கினார். ரப்பர் போல இழுபடுகிற ஒன்று கிடைத்தது. மழைக்கோட்டு, மேசை விரிப்பு, ஒயரின் மேலுறை, ஹோஸ் பைப்பு, ரெக்ஸின், ரப்பர் செருப்பு என்று நாம் சொல்கிற பிவிசி செருப்பு எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

செமனுக்கு முன்பே இந்த வித்தை இருந்தது. 1870இல் ஹயாட் என்பவர் செல்லுலாய்டு செய்தபோது அதை இளக்கப் போட்டது கற்பூரம். நாம் சாமிக்குக் கொளுத்துகிற அதே கற்பூரம். செல்லுலாய்டு பொசுக்கென்று தீப்பிடிக்கும். அதனால் தீப்பிடிக்காத ஒன்றைத் தேடினார்கள். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கிற கிரெசாலையும் பாஸ்பரஸ் சேர்மத்தையும் கொண்டு செய்த டிரைகிரெசைல் பாஸ்பேட் கிடைத்தது. சுருக்கமாக டிசிபி. செமன் பயன்படுத்தியவற்றிலும் இது ஒன்று.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு ரசாயனமாகக் கட்டிக்கொள்வதில்லை. அரிசிக்குள் தண்ணீர் ஊறி நிற்பது போல இடுக்கில் நிற்கிறது. சூடு பட்டால் ஆவியாக வெளியே வருகிறது. எண்ணெயும் கொழுப்பும் பட்டால் அவற்றோடு போய்விடுகிறது. பழைய ரெக்ஸின் சீட்டு வெடித்துப்போவது ஏன்? உள்ளே இருந்த எண்ணெய் போய்விட்டது. எங்கே போனது? காற்றுக்கும், தூசிக்கும், தோலுக்கும், மூச்சுக்கும். வாங்கிப் பயன்படுத்துகிறவருக்குச் சொட்டுச் சொட்டாகப் போவது, செய்கிறவருக்குப் புகையாகப் போகிறது.

1930: நடையைப் பார்த்துச் சிரித்தார்கள்

அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம். சாராயம் விற்கக் கூடாது. ஆனால் மருந்துக்கடையில் 'ஜமைக்கா இஞ்சி' என்று ஒரு சாறு கிடைக்கும். முக்கால்வாசிக்கு மேல் ஆல்கஹால். அதைச் சுருக்கி 'ஜேக்' என்பார்கள். சின்ன பாட்டில், குறைந்த விலை. பணக்காரருக்கு மதுவிலக்கிலும் நல்ல விஸ்கி கிடைத்தது. ஏழை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் கிடைத்தது ஜேக்.

இஞ்சிச் சாற்றைக் காய்ச்சினால் கடைசியில் இவ்வளவு கெட்டிப்பொருள் மிஞ்ச வேண்டும் என்று அரசாங்க விதி இருந்தது. குடிக்க முடியாத அளவுக்குக் கசக்க வேண்டும் என்பதற்காக அந்த விதி. பாஸ்டனில் ஹாரி கிராஸ், மேக்ஸ் ரைஸ்மன் என்ற இரண்டு வியாபாரிகள் சோதனையை ஏமாற்ற ஒரு பொருளைத் தேடினார்கள். ருசி இருக்கக் கூடாது, ஆவியாகவும் கூடாது. அவர்களுக்குக் கிடைத்தது வார்னிஷுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போடுகிற 'லிண்டால்'. அது டிசிபிதான்.

1930 தொடக்கத்தில் ஓக்லஹோமா நகரில் எப்ரெயிம் கோல்ட்ஃபெய்ன் என்ற மருத்துவரிடம் கால் விழுந்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வயிற்றுக் கோளாறு வரும், அது சரியாகிவிடும். ஒன்று இரண்டு வாரம் கழித்துக் கெண்டைக்காலில் வலி வரும். பிறகு பாதம் தொங்கிப்போகும். விரல் தரையில் இழுபடாமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைப் பொத்தென்று போட்டு நடப்பார்கள். அந்த நடைக்கு 'ஜேக் நடை' என்று பேர் வைத்தார்கள். தெருவில் யாராவது அப்படி நடந்தால் குடிகாரன் என்று முத்திரை விழுந்தது. கூலிவேலை செய்தவர்கள் வேலையை இழந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 30,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறையின் மாரிஸ் ஸ்மித்தும் எலியாஸ் எல்வோவும் அந்த ஆண்டே விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். டிசிபியின் ஆர்த்தோ வகைதான் நரம்பைக் கொல்கிறது. உடனே கொல்வதில்லை. நரம்பின் நீண்ட இழைகளை நுனியிலிருந்து பின்னோக்கி அழிக்கிறது. உடம்பில் மிக நீளமான நரம்பு காலுக்குப் போவது. அதனால்தான் பாதம் முதலில் விழுகிறது.

அந்த வியாபாரிகளுக்கு முதலில் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. கால் விழுந்தவர்கள் சங்கம் கட்டினார்கள். 35,000 பேர் உறுப்பினர் என்று அந்தச் சங்கம் சொன்னது. நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஆனால் மருத்துவ நூல்கள் மறந்துபோன காலத்திலும் அவர்களுடைய கால் மறக்கப்படாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1930இலேயே டாமி ஜான்சன், இஷ்மன் பிரேசி போன்ற கறுப்புப் பாடகர்கள் ஜேக்கைப் பற்றி ப்ளூஸ் பாட்டுப் பாடி இசைத்தட்டில் பதிந்துவிட்டார்கள். நோயாளிப் பதிவேட்டில் ஏறாதது பாட்டில் ஏறியது. பறையும் ஒப்பாரியும் உள்ள நமக்கு இது புரியாத விஷயமில்லை.

1944இல் பிரிட்டனில் டொனால்ட் ஹன்டரும் அவரோடு இருந்த மருத்துவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். டிசிபி தயாரிக்கிற ஆலையிலேயே தொழிலாளிகளுக்கு நரம்பு கெட்ட சங்கதி அது. இவர்கள் எதையும் குடிக்கவில்லை. வேலைதான் செய்தார்கள். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடம்பில் ஏறியது. "குடிப்பியா?" என்ற கேள்விக்கு 1944இலேயே பதில் வந்துவிட்டது.

1977: சடங்கு வீட்டு எண்ணெய்

இனி வருவது நம்ம கதை.

எனக்குச் சடங்கு செய்தது 2002இல். எங்க ஆயா பச்சை முட்டையை உடைத்து என் வாயில் ஊற்றிவிட்டு, அந்த முட்டை ஓட்டிலேயே நல்லெண்ணெய் அளந்து ஊற்றியது. "குடிடி, இடுப்புக்குப் பலம்" என்று மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தது. உளுத்தங்களியிலும் நல்லெண்ணெய் மிதக்கும். தமிழ்நாட்டிலிருந்து எங்கே போன சனமும் இந்தப் பழக்கத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போனது. இலங்கை மலையகத்துக்கும் போனது.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்குக் கால் விழ ஆரம்பித்தது. 20க்கு மேற்பட்ட தமிழ்ப் பிள்ளைகள். பாதம் தொங்கியது, கையும் பலமிழந்தது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வரவில்லை, வயசான பெண்களுக்கு வரவில்லை. பேய், பிசாசு, செய்வினை என்று சொல்வதற்கு ஏற்ற நோய்தான். சேனநாயக்க, ஜெயரத்தினம் என்ற இரண்டு மருத்துவர்கள் அப்படி விடவில்லை. இந்தப் பிள்ளைகள் மட்டும் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். சடங்குக்குக் கொடுத்த நல்லெண்ணெய் என்று தெரிந்தது. அந்த எண்ணெயைச் சோதித்தபோது அதில் டிசிபி இருந்தது. முன்பு கனிம எண்ணெய் அடைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வந்த முடிவு. 1981இல் லான்செட் பத்திரிகையில் அதை வெளியிட்டார்கள். இந்த நோயில் கை சீக்கிரம் தேறும், கால் தேற வருஷங்கள் ஆகும், சிலருக்கு விறைப்பு நின்றுவிடும்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். தலைவியின் சீறடியைப் பற்றி எத்தனையோ பாட்டுப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். அந்த 20 பிள்ளைகளின் காலைப் பற்றி நான் படித்த எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் ஒரு வரி பார்த்ததில்லை. ஆங்கில மருத்துவக் கட்டுரையில்தான் பார்த்தேன்.

யார் அந்தப் பிள்ளைகள்? திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கங்காணிகள் பிடித்துக்கொண்டு போன கூலிகளின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள். அப்படிப் போனவர்களில் பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், சக்கிலியர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் பட்டினியால் செத்தார்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் அடிபட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று தெரியாத ஒரு வீட்டில், மகள் வயசுக்கு வந்த சந்தோஷத்தில், கடையிலேயே ஒசத்தியானது என்று நினைத்து ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல ஆள் இருக்கும். மூடநம்பிக்கை என்பார்கள். எண்ணெயில் விஷம் வைத்தது ஆயா இல்லை. டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று எழுதாதவன்தான் வைத்தான்.

இது ஒரு இடத்தில் மட்டும் நடக்கவில்லை. 1959இல் மொராக்கோவின் மெக்னஸ் நகரில் அமெரிக்க விமானத்தளத்திலிருந்து வந்த பழைய எஞ்சின் எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றார்கள். அதில் டிசிபி இருந்தது. ஏறத்தாழ 10,000 பேருக்குக் கால் விழுந்தது. 1988இல் கல்கத்தாவின் பெகாலாவில் கலப்பட எண்ணெயால் ஏறத்தாழ 600 பேருக்கு அதே நோய் வந்தது. மலிவு எண்ணெய் தேடுகிறவன்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டுகிறான்.

டிரம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. வேலைத்தலத்து விஷம் கேட்டோடு நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. ஒரு தீபாவளிக்குப் போனஸ் என்று முதலாளி ஆளுக்கு ஒரு காலி டிரம் கொடுத்தார். அம்மா சிகைக்காயும் சாம்பலும் போட்டு நாலு தடவை கழுவியது. நாலு வருஷம் அதில்தான் தண்ணீர் பிடித்து வைத்தோம். டிரம்மின் வயிற்றில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, மேலே ஒரு எச்சரிக்கைப் படமும் இருந்தது. சேரியில் கிட்டத்தட்ட எல்லா வீட்டு வாசலிலும் அந்த மாதிரி டிரம் நின்றது. தண்ணீர் லாரி வந்தால் அவற்றைத்தான் வரிசையில் வைப்போம்.

தோலிலிருந்து ரெக்ஸினுக்கு

அப்பா முதலில் ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் ஷாப்பில் இருந்தார். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் மிதிப்பது, மயிர் வழிப்பது. தாத்தாவும் அதே வேலைதான். 1996 ஆகஸ்டில் வட ஆற்காட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றி உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாதவற்றை மூடச் சொன்னார்கள். பாலாறு செத்துக்கொண்டிருந்தது உண்மை. அந்தத் தீர்ப்பை நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் சின்னத் தோல் ஷாப்புகள் மூடியபோது வெளியே வந்தவர்கள் எங்கே போனார்கள்? அப்பா 1998இல் சென்னைக்கு வெளியே ஒரு ரெக்ஸின் பட்டறைக்குப் போனார்.

தோல் தீட்டு. தோல் தொட்டவன் தீட்டு. ரெக்ஸின் அப்படி இல்லை, அது சுத்தம். சைவக்காரர் வீட்டு சோபாவிலும், பஸ் சீட்டிலும், கோயிலுக்குப் போகிற பையிலும் அது இருக்கலாம். மாட்டைத் தொடாமல் மாட்டுத் தோல் மாதிரி ஒன்று. பட்டறையில் கடைசியாக ஒரு உருளை இருக்கும். சூடான ரெக்ஸின் மேல் அதை ஓட்டினால் மாட்டுத் தோலின் ரேகை அப்படியே விழும். "செத்த மாட்டுத் தோலை உரிச்சாக் கேவலம், இல்லாத மாட்டுத் தோலைச் செஞ்சாக் கவுரவம். அதான்டி இப்போ நம்ம தொழிலு" என்று அப்பா சிரிப்பார். ஆனால் அந்தக் கவுரவம் பொருளுக்குத்தான் வந்தது, ஆளுக்கு வரவில்லை. அந்தப் பட்டறையில் ஆபீஸ் அறையிலும் மெஷினை ஓட்டும் இடத்திலும் வேறு வேறு சாதிக்காரர்கள் இருந்தார்கள். எண்ணெய் ஊற்றிக் கலக்குகிற இடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நம்ம சனம்.

வேலை இப்படி: நூறு பங்கு தூளுக்கு ஐம்பது அறுபது பங்கு ஆயில். கூடவே சுண்ணாம்புத் தூள், சாயம், சூட்டில் பிளாஸ்டிக் கருகாமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடி. அந்தப் பொடி பல இடங்களில் ஈய உப்பு. ஈயமும் நரம்பைக் கெடுக்கும். டிரம்மைச் சாய்த்து வாளியில் பிடித்து, மாவு போலக் கலக்கி, துணியில் பூசி, அடுப்புக்குள் விடுவார்கள். அடுப்பு 160 டிகிரிக்கு மேல். வாயைத் திறந்தால் நீலமாய்ப் புகை வரும். வெள்ளிக்கிழமை மெஷின் துடைக்கும்போது கந்தலை ஆயிலில் நனைத்துத்தான் துடைப்பார்கள். கையுறை கிடையாது. சாப்பாட்டு வேளையில் கையில் இருக்கிற வழவழப்புச் சோப்புக்குப் போகாது, சோத்தோடு உள்ளே போகும். தோல் ஷாப்பின் நாத்தம் ஆளை எச்சரித்தது. இந்த எண்ணெய்க்கு நாத்தமும் இல்லை.

எண்ணிய இடங்களும் எண்ணாத இடமும்

டிசிபியின் ஆர்த்தோ வகையைப் பிற்பாடு குறைத்தார்கள். பிவிசிக்குத் தாலேட் என்ற வகை எண்ணெய்கள் வந்துவிட்டன. டிஓபி அதில் ஒன்று. இவை டிசிபி போல இரண்டு வாரத்தில் காலை வீழ்த்துவதில்லை. மெதுவாக வேலை செய்கிறவை. அதனால் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

1960களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டுகிறவர்களுக்குக் கால் கை மரத்துப்போனது. 1,662 பேரைப் பரிசோதித்து 93 பேருக்கு நரம்பு நோய் என்று கண்டார்கள். பசையில் இருந்த ஹெக்ஸேன் என்ற கரைப்பான் காரணம். 1973இல் சோவியத் நாட்டில் செயற்கைத் தோலும் பிவிசித் தாளும் செய்கிற ஆலைகளில் 147 பேரைப் பார்த்தார்கள். தாலேட்டோடு வேறு பொருள்களும் கலந்த காற்று அது. 47 பேருக்கு நரம்பு அழற்சி இருந்தது. ஆறேழு வருஷ வேலைக்குப் பிறகு கை காலில் வலியும் மரத்துப்போதலும் வந்தன. எங்க அப்பா சொன்ன அதே வார்த்தைகள், வேறு பாஷையில். 2006இல் சீனாவில் பிவிசித் தரைவிரிப்பு செய்கிற 74 ஆண்களின் சிறுநீரையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். தாலேட் கூடக் கூட ஆண்மைச் சுரப்பு குறைந்திருந்தது.

டிஓபிக்குப் புற்றுநோய் வகைப்பாடு ஒரு தனிக் கூத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1982இல் மனிதருக்குப் புற்று உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் வைத்தது. 2000இல் இறக்கியது. 2011இல் கூடிப் பேசி மறுபடி ஏற்றியது. இதற்கிடையில் 1999இல் ஐரோப்பாவில் குழந்தைகள் வாயில் வைக்கிற பொம்மைகளுக்குத் தாலேட் தற்காலிகத் தடை வந்தது. 2005இல் அது நிரந்தரமானது. 2008இல் அமெரிக்காவும் தடுத்தது. நல்லதுதான். குழந்தை பொம்மையைச் சப்பும் நேரத்தைக் கணக்குப் பண்ணினார்கள். அந்த எண்ணெயில் கை வைத்து எட்டு மணி நேரம் நிற்கிறவனின் நேரத்தை நம்ம நாட்டில் யார் கணக்குப் பண்ணினார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் டாக்டர் அம்பேத்கர். வேலை நேரத்தைக் குறைக்கவும், தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவரவும் அந்தக் காலத்தில்தான் அடித்தளம் போடப்பட்டது. 1948இல் தொழிற்சாலைச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் வந்தன. ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. அப்பாவின் பட்டறையில் 23 பேர் வேலை செய்தார்கள், பதிவேட்டில் இருந்தவர்கள் 9 பேர். அப்பா அந்த 9இல் இல்லை. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்பு, 10 என்பதை 20 ஆக்கிவிட்டது. ஆபத்தான வேலை என்று அரசு அறிவித்தால் எண்ணிக்கை பார்க்க வேண்டியதில்லை என்றும் அதில் இருக்கிறது. அறிவிக்க வேண்டுமே!

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பாஸ்பரஸ் சேர்மங்கள் இருந்தன, ஈயம் இருந்தது. தாலேட் இருந்ததில்லை. 1995 ஜனவரியில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய உயிர்வாழும் உரிமையில் அடங்கும், அவருடைய மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. 40 ஆண்டு! ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிக்குச் சொன்னது அது. நம்மவருக்கு 40 நாள் பதிவும் இல்லை. சுவரில் கரியால் போட்ட வருகைக் கோடுதான் இருந்தது. வெள்ளையடித்தபோது அதுவும் போனது.

நாம் செய்ய வேண்டியது

சாதி நம்மை எந்த வேலைக்குத் தள்ளியது என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அந்த வேலை நம்ம உடம்புக்குள் எதைத் தள்ளியது என்பதைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதியிருக்கிறோம். மலக்குழிச் சாவு கண்ணுக்குத் தெரிகிறது, போராடுகிறோம். மெதுவாக மரத்துப்போகிற கால் தெரிவதில்லை. அது சாராயத்தின் கணக்கில், சர்க்கரையின் கணக்கில், வயசின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. ஓக்லஹோமாவில் தெருவே சிரித்தபோது ஒரு மருத்துவர் உட்கார்ந்து எண்ணினார். மலையகத்தில் இரண்டு மருத்துவர்கள் அந்த வீட்டு எண்ணெய்ப் போத்தலைக் கேட்டு வாங்கினார்கள். நோய் வரலாற்றுக்குள் வந்தது அப்படித்தான்.

நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். அப்பாவோடு வேலை செய்தவர்களில் இதுவரை 14 பேர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பேர், ஊர், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எந்த இடத்தில் நின்று வேலை, டிரம்மில் என்ன எழுதியிருந்தது, கை கால் எப்படி, மூச்சு எப்படி, பிள்ளைகள் எத்தனை. 6 பேர் பாதம் மரத்துப்போவதாகச் சொன்னார்கள். இதில் 2 பேருக்குச் சர்க்கரை உண்டு, ஒருவர் குடிப்பவர். அதையும் எழுதியிருக்கிறேன். மறைத்தால் நம்ம சாட்சியம் நிற்காது. 14 பேர் கணக்கு எதையும் நிரூபிக்காது, தெரியும். 147 பேர் என்பதும் முதல் ஆளிடமிருந்துதான் தொடங்கியிருக்கும்.

படிக்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன். உங்க தெருவில் செருப்புப் பட்டறைக்கு, ஒயர் கம்பெனிக்கு, ஹோஸ் பைப்பு, தார்ப்பாய் செய்கிற இடத்துக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் டிரம்மில் எழுதியிருப்பதை ஒரு தாளில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளை முதலில் நீட்டச் சொல்லுங்கள், "என்ன வேலைன்னு எழுதிக்குங்க சார்" என்று கேட்கச் சொல்லுங்கள். மருத்துவம் படிக்கிற நம்ம பிள்ளைகள் இன்றைக்கு இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற முதல் கேள்வியாவது மாறட்டும். காலி டிரம்மில் குடிதண்ணீர் பிடிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

எங்க வீட்டு டிரம்மை இன்னும் வைத்திருக்கிறேன். தண்ணீர் பிடிப்பதில்லை. அதன் வயிற்றில் இருக்கிற எழுத்து பாதி அழிந்துவிட்டது. மிச்சத்தை நோட்டின் முதல் பக்கத்தில் பார்த்து எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.